சத்திரம் முதல் சனிக்கிழமை ரயில் வரை

பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் நோக்கிப் போகும் சாலையில் அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று அடுத்தடுத்து இரண்டு ஊர்கள் வரும். பேருந்தில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு அப்படியே கடந்துவிடுவார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இராமநாதபுரச் சீமையில் வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு கொடுமையான கதை இருக்கிறது. விஜயரகுநாத சேதுபதி ஆண்ட காலம். மன்னரின் இரண்டு பெண்களையும் மணந்த மருமகன் பாம்பன் பகுதிக்குப் பொறுப்பாளராக இருந்தார். தீவுக்குப் படகில் வந்த யாத்திரிகர்களிடம் அவர் வரி வசூலித்தார். பாதை அமைக்கத்தான் அந்தப் பணம் என்று அவர் சொன்ன சமாதானத்தை மாமனார் ஏற்கவில்லை. சேதுவுக்கு வருகிறவனிடம் கை நீட்டக் கூடாது என்பது சேதுபதிகளின் நியதி. மருமகனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அக்காளும் தங்கச்சியும் அவரோடு தீயில் இறங்கினார்கள். அவர்கள் நினைவாக எழுந்த மடங்களே இன்று ஊர்களாக நிற்கின்றன.

கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு வாய்வழி என்று பிரித்துப் பார்ப்பதைக் காட்டிலும், ஒரு சீமை இதைத் தன் பெருமையாக நினைவில் வைத்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கடலைக் கடக்க ஏழையிடம் காசு கேட்டது கொலைக்குற்றத்துக்கு இணையான குற்றமாக இங்கே எண்ணப்பட்டது. இன்று நாலைந்து நண்பர்கள் சேர்ந்து, கையில் இருக்கும் கொஞ்சம் பணத்தில் சனி, ஞாயிறு கடற்கரைக்குப் போய்வரத் திட்டமிடும்போது முதலில் வாயில் வரும் பெயர்களில் ஒன்று, ராமேஸ்வரம் தீவின் முனையில் இருக்கும் தனுஷ்கோடி. குறைந்த செலவில் போய்வரக்கூடியது என்ற பெயர் அந்தத் தீவுக்கு இருக்கிறது. அந்தப் பெயர் நேற்று வந்ததில்லை. அதைச் சம்பாதிக்க முந்நூறு, நானூறு ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ரயில் வருவதற்கு முன்னால் ராமேஸ்வரப் பயணம் மாதக் கணக்கில் நடந்தது. காசியில் இருந்து கங்கை நீரைத் தோளில் சுமந்து வருகிறவர்கள், இங்கிருந்து சேது மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போகிறவர்கள், வழியில் நோயில் விழுகிறவர்கள், திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிடுகிறவர்கள் என்று எல்லோரும் அந்தப் பாதையில் இருந்தார்கள். மண்டபம் வரை நடை. அங்கே தோணித்துறை என்றே பெயர் பெற்ற இடத்தில் தோணி ஏறிப் பாம்பனுக்கு வர வேண்டும். இத்தனை தூரத்தையும் கையில் காசில்லாதவர்கள் கடந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் வழிநெடுக இருந்த சத்திரங்கள்.

சேதுபதிகள் தங்கள் சீமைக்குள் சத்திரங்களைக் கட்டி, அவற்றின் செலவுக்கு ஊர்களையே எழுதி வைத்தார்கள். வடக்கே தஞ்சாவூர் மராட்டிய மன்னர்கள் அதே பாதையில் தங்கள் பங்குக்குக் கட்டினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டில் முத்தம்பாள் சத்திரம், மணமேல்குடியில் திரௌபதாம்பாள் சத்திரம், மீமிசலில் ராஜகுமாராம்பாள் சத்திரம் எனப் பெரும்பாலும் அரசகுலப் பெண்களின் பெயர்களே அவற்றுக்கு இடப்பட்டன. ஒரத்தநாட்டுச் சத்திரம் 1802-இல் இரண்டாம் சரபோஜி தன் காதலி முத்தம்பாளின் நினைவாகக் கட்டியது.

இந்தச் சத்திரங்களுக்குள் என்ன நடந்தது என்பதை அறிய நல்ல சாட்சியம் ஒன்று இருக்கிறது. 1799-இல் தஞ்சை ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. சத்திர நிலங்களின் வருமானமும் அதோடு போய்விடுமோ என்று சரபோஜி பதறினார். 1801-இல் தஞ்சாவூர் ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் எழுதிய கடிதத்தில், ராமேஸ்வரம் சாலையில் தம் முன்னோர் நிறுவிய சத்திரங்கள் எப்படி நடக்கின்றன என்று விரிவாகச் சொல்கிறார். பிராமணர் முதல் ஒடுக்கப்பட்ட சாதியார் வரை, பண்டாரம், பரதேசி, யோகி என யார் வந்தாலும் சோறு உண்டு. சமைத்த சோறு உண்ணாதவர்களுக்கு அரிசியும் பலசரக்கும் தரப்படும். நள்ளிரவு வரை பந்தி நடக்கும். அதன்பின் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். நடக்க முடியாமல் படுத்துவிட்டவருக்கு வைத்தியம் பார்த்து, தேறும்வரை வைத்திருந்து அனுப்புவார்கள். வழியில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வேண்டிய பராமரிப்பும், குழந்தைகளுக்குப் பாலும் உண்டு. பெற்றோரை இழந்து நிற்கும் பிள்ளைகளை வளர்த்துப் படிக்கவும் வைப்பார்கள்.

நள்ளிரவில் அடிக்கப்படும் அந்த மணியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். பசியோடு இருட்டில் நடந்து வருகிறவன் காதில் விழ வேண்டும் என்பதற்காக அடித்த மணி அது. எந்த மலிவுப் பயணத்துக்கும் அடியில் இப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. பயணியின் சாமர்த்தியத்தால் மட்டும் செலவு குறைவதில்லை. எங்கோ ஒருவர் நிலம் எழுதி வைத்திருக்கிறார், ஒருவர் உலை வைத்திருக்கிறார், ஒருவர் துடுப்புப் போட்டிருக்கிறார்.

அந்த ஏற்பாட்டுக்குள் சாதி இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் சோறு உண்டு என்றாலும் எல்லோருக்கும் ஒரே பந்தி இல்லை. ஒடுக்கப்பட்டவர்கள் சேதுக்கடலில் குளிக்கலாம், ஆனால் கோயிலின் நீண்ட பிரகாரத்தில் நடக்க முடியாது. சென்னை மாகாணம் முழுவதற்குமாக 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் வந்த பிறகே அந்தக் கதவு சட்டப்படி திறந்தது. அதற்கு முன்பே, ஓரளவுக்காவது எல்லோரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டி.

தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர்கேஜ் பாதை 1902-இல் மதுரையில் இருந்து மண்டபம் வந்து சேர்ந்தது. மாதக்கணக்கான நடை ஒரே நாளாகச் சுருங்கியது. ஆனாலும் பாம்பன் கால்வாயைத் தோணியில்தான் கடக்க வேண்டியிருந்தது. அதன் மீது 2 கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நீளத்துக்கு ரயில் பாலம் கட்டி, 1914 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். நடுவில் கப்பல் போவதற்காக இரண்டு இறக்கைகளாகத் தூக்கும் தூக்குப் பாலம் வைத்தார்கள். அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஷெர்சர் கண்ட முறை அது. அதைத் தூக்க இயந்திரம் கிடையாது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இரும்புத் தண்டுகளைத் தள்ளிச் சுற்றச் சுற்ற, பாலம் மெதுவாக வானத்தைப் பார்த்து எழும். நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையை மனிதக் கைகளே செய்தன.

பாலம் கட்டியது யாத்திரிகர்களுக்காக மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இலங்கைக்குப் போகும் சரக்கும், தபாலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போக வேண்டிய ஆட்களும் அதன் முதல் நோக்கம். சென்னை எழும்பூரில் இரவு ஏறினால் மறுநாள் பிற்பகல் தனுஷ்கோடித் துறைமுகம். அங்கே தயாராக நிற்கும் நீராவிக் கப்பலில் ஏறினால் 35 கிலோமீட்டர் அளவுக்குக் கடல். அந்தக் கரையில் தலைமன்னார், அங்கிருந்து வேறொரு ரயிலில் கொழும்பு. ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். மக்கள் அதற்கு வைத்த பெயர் போட் மெயில். கப்பல் நின்று பல ஆண்டுகள் ஆன பிறகும் சென்னை–ராமேஸ்வரம் ரயில் அதே பெயரில் ஓடுகிறது.

அதே தண்டவாளத்தில் வந்த தோட்டத் தொழிலாளியின் பயணம் வேறு மாதிரி இருந்தது. மண்டபத்தில் அவர்களை முகாமில் நிறுத்தி, நோய் இல்லை என்று பார்த்து, அம்மை குத்தி, கும்பல் கும்பலாகக் கப்பலேற்றினார்கள். மண்டபம் கேம்ப் என்ற ஊர்ப் பெயர் அப்படி வந்ததுதான். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானதும், அந்தத் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளை இதே வழியில் திருப்பி அனுப்ப ஏற்பாடானது. 1980-களில் போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் அதே மண்டபம் முகாமில் தங்க வைக்கப்பட்டார்கள். கடல் பார்க்கப் போகும் நண்பர்கள் மண்டபம் நிலையத்தில் ரயில் நிற்கும்போது எட்டிப் பார்த்தால், அந்த ஊர் எத்தனை லட்சம் பேரின் கண்ணீரைப் பார்த்தது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

1914-க்குப் பிறகான ஐம்பது ஆண்டுகள் தனுஷ்கோடியின் பொற்காலம். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, மருத்துவமனை, மாதா கோயில், பள்ளிக்கூடம், தங்கும் விடுதிகள் என்று மணல்முனையில் ஒரு சின்ன நகரமே எழுந்தது. அந்த நகரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிப் பிழைத்தவர்களில் ஒருவர் ஜைனுலாப்தீன். சொந்தமாக மரம் இழைத்துப் படகு கட்டி, சேதுவில் நீராட வருகிறவர்களை அழைத்துப் போனார். புயல் ஒன்றில் அந்தப் படகு உடைந்தது. அவர் மகன் அப்துல் கலாம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் வண்டியில் இருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்துத் தன் முதல் சம்பளத்தை வாங்கினார். தீவுக்கு வருகிறவர்களின் சில்லறையில்தான் தீவின் வீடுகளில் அடுப்பு எரிந்தது.

பிறகு 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு புயல் வந்தது.

பாம்பனில் இருந்து நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடி நிலையத்தை நெருங்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்றது. டிரைவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார், நீளமாக விசில் ஊதினார், துணிந்து வண்டியை நகர்த்தினார் என்று சொல்வார்கள். எழுந்து வந்த கடல் வண்டியை அப்படியே வாரிக்கொண்டது. 110 பயணிகளும் 5 ரயில்வே ஊழியர்களும் அதில் இருந்ததாகக் கணக்கு. டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஊருக்குள் மாண்டவர்களையும் சேர்த்தால் 1,800-ஐத் தாண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அரசு தனுஷ்கோடியை மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அறிவித்தது.

பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. பாலத்தைச் சரிசெய்ய ரயில்வே ஆறு மாதம் என்று கெடு வைத்தது, மேலதிகாரி அதை மூன்று மாதமாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் 46 நாளில் முடித்துக் காட்டினார். பின்னாளில் கொங்கண் ரயில்வேயையும் டெல்லி மெட்ரோவையும் கட்டிய இ. ஸ்ரீதரன்தான் அவர். தீவுக்கு மீண்டும் ரயில் வந்தது. ஆனால் ராமேஸ்வரத்தோடு நின்றுகொண்டது. தனுஷ்கோடிக்கு அதன்பின் எந்த ரயிலும் போகவில்லை. இலங்கைக்கான கப்பல் ராமேஸ்வரத்தில் இருந்து கொஞ்ச காலம் ஓடி, போர் மூண்டதும் நின்றது.

ஊர் அழிந்தாலும் மீனவர்கள் போகவில்லை. போனவர்களும் திரும்பி வந்தார்கள். வலை அங்கே, மீன் அங்கே, வேறெங்கே போவது? மின்சாரமும் சாலையும் இல்லாத இடத்தில் பனையோலைக் குடிசைகள் போட்டு உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் சூழ்ந்த அந்த மணலில் குடிநீருக்கு அவர்கள் கையாளும் முறை பார்க்க வேண்டிய ஒன்று. கையாலேயே மணலைத் தோண்டுவார்கள். இரண்டு மூன்று அடிக்குள் ஈரம் தட்டும், கொஞ்சம் பொறுத்தால் அடியில் தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீருக்கு மேலே மெல்லிய அடுக்காகத் தங்கியிருப்பதுதான் அது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும். அதனால் பெண்கள் குழியருகே உட்கார்ந்து, கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஒரு குடம் நிறையும்வரை எழுந்திருக்க முடியாது. அந்தக் குழி கடல் அலையின் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் இருக்கும்.

இந்தத் தண்ணீரைக் குடித்து வாழ்ந்தவர்கள்தான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு வெளியூர்க்காரர்களுக்கு வழிகாட்டிகளாகவும் இருந்தார்கள். 1988 அக்டோபர் 2 அன்று பாம்பனில் சாலைப் பாலம் திறக்கப்பட்டது. சுமார் 2.3 கிலோமீட்டர் நீளம், பதினான்கு ஆண்டு வேலை. பேருந்தும் காரும் முதல் முறையாகத் தாமாகத் தீவுக்குள் நுழைந்தன. ஆனால் தனுஷ்கோடிப் பாதையில் முகுந்தராயர் சத்திரம் என்ற இடத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் மணல், சேறு, கடல்நீர் தேங்கிய பள்ளம். மீன் ஏற்றும் வேன்களில் ஆட்களை நெருக்கி ஏற்றி, தகடுகள் கழன்று கதவுகள் ஆடும் வண்டிகளில் குலுக்கிக் குலுக்கிக் கூட்டிப் போவார்கள். நண்பர்கள் கூட்டமாக வந்தால் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டின் மலிவான தீவுச் சுற்றுலா அந்த வேன்களில்தான் வளர்ந்தது. வந்தவர்கள் இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களையும், கூரையற்ற ரயில்வே கட்டடங்களையும், மணலில் புதைந்த தண்ணீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள்.

2017 ஜூலை 27 அன்று முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது. பேய்க்கரும்பில் கலாம் நினைவகம் திறந்ததும் அன்றுதான். 53 ஆண்டுகளுக்குப் பிறகு நிலத்தின் கடைசி நுனிக்குச் சாலை போனது. வேன்காரர்களின் தொழில் படுத்தது. அவர்களில் பலரும் சாலையோரத்தில் மீன் வறுக்கும் கடை, சங்கு, சிப்பிக் கடை என்று மாறினார்கள். அரசு நகரப் பேருந்தே ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடிப் பக்கம் போய்வரத் தொடங்கியதும், காரோ வேனோ எடுக்க வசதியில்லாத மாணவர்களும் தொழிலாளிகளும் துணிந்து வர முடிந்தது. தீவின் அண்மை வரலாற்றில் ஏழைப் பயணிக்குக் கிடைத்த பெரிய உதவி அந்தப் பேருந்துதான் என்று தாராளமாகச் சொல்லலாம்.

கோலார் தங்கவயலில் வளர்ந்த ஒரு பையனுக்குக் கடல் எவ்வளவு தூரம் என்பதை யோசித்தால் இந்த உதவியின் பொருள் இன்னும் நன்றாக விளங்கும். தங்கவயல் கர்நாடக மேட்டுநிலத்தில் இருக்கும் தமிழ் ஊர். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தைத் தொடங்கியதும் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கத்தில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறியவர்களின் ஊர் அது. பெரும்பாலானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு அந்த ஊரின் மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும் அவர்கள் முயற்சியால்தான். 1894-லேயே பங்காருப்பேட்டையில் இருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது, 1902-இல் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. அன்றிலிருந்து விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புவது ஆயிரக்கணக்கானவர்களின் வாழ்க்கை.

வாரம் முழுக்க ரயிலில் நின்றுகொண்டே போகிற அந்தப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சொந்தம். ராமேஸ்வரம் ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். மாரிக்குப்பத்தில் இருந்து நேர் வண்டி கிடையாது. ஜோலார்பேட்டை, சேலம், திண்டுக்கல் என்று மாறி மாறி மதுரைக்கு வந்து, அங்கிருந்து பாசஞ்சர் பிடிக்க வேண்டும். கோவாவோ அந்தமானோ அவர்கள் பேச்சில் வந்தாலும் பையில் வராது. தனுஷ்கோடி வரும். ராத்திரியை ரயிலிலேயே கழித்தால் ஒருநாள் விடுதி வாடகை மிச்சம். இறங்கியதும் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியலுக்குக் காசில்லை. மடங்களும் சத்திரங்களும் இன்றும் குறைந்த வாடகைக்கு அறை தருகின்றன. சேதுவுக்கு வந்த வடநாட்டுச் சேட்டுகளும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் கட்டிப் போட்ட கட்டடங்களின் பலன் அது. முந்நூறு ஆண்டுக்கு முந்தைய யாத்திரிகனுக்குக் கிடைத்த சலுகைகளில் கடைசியாக மிஞ்சியவை இவை. அந்தத் தங்கவயல் பையனின் தாத்தாவுக்கோ கோயில் வாசல் வரைதான் அனுமதி இருந்தது. பேரன் பிரகாரத்தில் நண்பர்களோடு தோளில் கைபோட்டு நடக்கிறான்.

தீவுப் பயணத்தின் இன்னொரு மலிவான வடிவம் வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. 285 ஏக்கர் பரப்புள்ள, குடிதண்ணீர் இல்லாத சின்னத் தீவு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் அங்கே கோயில் கட்டினார் என்பர். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனது. திருவிழாவுக்குப் போகும் உரிமை மட்டும் எழுத்தில் எஞ்சியது. போர்க்காலத்தில் விழா நின்று, பின்னர் மீண்டும் தொடங்கியது. தவக்காலத்தில் ஒரு வெள்ளி, சனியில், பதிவு செய்துகொண்டவர்கள் பாஸ்போர்ட் இல்லாமல் ராமேஸ்வரத்தில் இருந்து விசைப்படகில் போய், மணலில் படுத்துத் தூங்கி, காலைத் திருப்பலி கண்டு திரும்புகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்களோடு பேச ஒரு ராத்திரி கிடைக்கிறது. ஒரு காலத்தில் ஒரே டிக்கெட்டில் கொழும்பு போன இந்தக் கரையின் மக்களுக்குக் கடலைத் தாண்ட மிஞ்சியிருக்கும் எளிய வழி அது ஒன்றுதான்.

பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. இரண்டு ஆண்டுக்கும் மேலாகத் தீவுக்கு ரயில் இல்லை. மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. இதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் மேலே போகும். தள்ள ஆட்கள் வேண்டாம், மின்மோட்டார் பார்த்துக்கொள்கிறது. அதே ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியின் சுமார் 524 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதலே கடல்வாழ் தேசியப் பூங்கா. கடலாமைகள் முட்டையிடும் மணலும் இங்கேயே இருக்கிறது. பறவைக்கும் ஆமைக்கும் மீனவனுக்கும் வெளியூரான் ஒருவனுக்கும் ஒரே மணல்திட்டுதான். சனி, ஞாயிறு கார்கள் அரிச்சல்முனையில் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கும்போது இந்தத் திட்டு எவ்வளவு தாங்கும் என்ற கவலை எழுகிறது.

தாங்க வேண்டுமென்றால் கார்கள் குறைந்து பேருந்துகள் கூட வேண்டும். வாரக் கடைசியில் அரைமணிக்கு ஒரு நகரப் பேருந்து அரிச்சல்முனைக்கு ஓடினால் செலவும் குறையும், மணலும் பிழைக்கும். ராமேஸ்வரத்தில் நகராட்சியோ அறநிலையத் துறையோ சுத்தமான பொதுத் தங்குமிடம் ஒன்றை, படுக்கைக்கு இவ்வளவு என்று நியாயமான கட்டணத்தில் நடத்த வேண்டும். புதிய சொகுசு விடுதிகள் வரட்டும், ஆனால் பழைய சத்திரங்களை இடித்து அவை எழக் கூடாது. மதுரையில் இருந்து வரும் சாதாரண வண்டிகளில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் குறைக்காமல் கூட்டித் தர வேண்டும். தனுஷ்கோடி மீனவக் குடும்பங்களுக்கு மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் கேட்காமல், அவர்கள் குடிசையைப் படம் பிடித்துப் போவது மட்டும் வந்தவர்களின் வேலையாக இருக்கக் கூடாது.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. அரிச்சல்முனையில் ஒரு பக்கம் இருக்கும் பாக் நீரிணையை மீனவர்கள் பெண்கடல் என்றும், மறுபக்கம் உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். இரண்டும் சேரும் முனையில் நீரோட்டம் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்களுக்கே கணித்துச் சொல்வது கடினம். அங்கே காலை நனைக்கலாம், குளிக்கக் கூடாது. குளிக்க அக்னி தீர்த்தம் இருக்கிறது. இரண்டாவது, சாப்பாட்டை ராமேஸ்வரத்தில் கட்டிக்கொண்டு போகாமல், தனுஷ்கோடிச் சாலையோரக் கடைகளில் அன்று பிடித்த மீனை அங்கேயே வறுத்துத் தருகிற பெண்களிடம் சாப்பிடுங்கள். அதற்குப் பேரம் பேசாதீர்கள்.